புல்லுக்குக் கீழே ஓடும் கான்

வீட்டு முற்றத்தில் செயற்கைப் புல் விரித்து விளையாட்டுத் தளம் போட வேண்டும் என்று கூப்பிடுகிறவர்கள் முதலில் புல்லைப் பற்றித்தான் கேட்பார்கள். என்ன நிறம், எவ்வளவு உயரம், எந்த நாட்டுச் சரக்கு, சதுர அடி என்ன விலை. நான் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: அடைமழையில் உங்கள் முற்றத்துத் தண்ணீர் எந்தப் பக்கமாக இறங்குகிறது? இதற்குப் பதில் தெரிந்த வீட்டில் வேலை பாதி முடிந்த மாதிரி. "தண்ணியா, அது பாட்டுக்குப் போயிரும்" என்று சொல்கிற வீட்டில் அளவுநாடாவை எடுப்பதற்கு முன்பே முற்றத்துக்கு மேலே இருக்கிற மலைச்சரிவில் ஏறிப் பார்த்துவிட்டு வருவேன்.

இரத்தினபுரியிலும் கேகாலையிலும் இந்த வேலை செய்கிறவனுக்கு வேறு வழி கிடையாது. இரத்தினபுரிக்கு ஆண்டில் 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. மே மாதம் தென்மேல் பருவம் பிடித்தால் செப்டெம்பர் வரை விடாது. பிறகு ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் தோறும் இடியோடு ஒரு பாட்டம். பதினைந்து மீற்றர் நீளம், எட்டு மீற்றர் அகலத்தில் ஒரு தளம் போட்டால் அது 120 சதுர மீற்றர். ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை கொட்டினால் அந்தத் தளத்தின் மேல் மட்டும் 12,000 லீற்றர் தண்ணீர் விழும். எங்கள் பகுதியில் அப்படிப்பட்ட நாட்கள் வராத ஆண்டு அபூர்வம். அதோடு மேலேயுள்ள தேயிலை மலையிலிருந்தோ இறப்பர் மலையிலிருந்தோ வழிந்து வருகிற தண்ணீரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் புல் பேர் எடுத்ததே மழை விழாத இடத்தில்தான். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965இல் அஸ்ட்ரோடோம் என்ற கூரை மூடிய மைதானத்தைத் திறந்தார்கள். ஒளி புகும் கூரையின் கூச்சத்தில் ஆட்டக்காரருக்குப் பந்து தெரியவில்லை என்று அதற்கு வர்ணம் பூச, உள்ளே இருந்த உண்மைப் புல் வெயில் இல்லாமல் செத்துப்போனது. மொன்சாண்டோ நிறுவனம் செய்த செயற்கைப் புல்லை 1966இல் அங்கே விரித்தார்கள். அஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயர் அந்த மைதானத்தால் வந்தது. பத்தே ஆண்டில், 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில், ஹொக்கி முழுவதும் செயற்கைப் புல்லுக்கு மாறிவிட்டது. கூரைக்குக் கீழே பேர் எடுத்த அந்தப் பொருளைத்தான் நாங்கள் களுகங்கைக்கு மேலேயும் களனிகங்கைக்கு மேலேயும் மழை கொட்டுகிற சரிவுகளில் விரிக்கிறோம். விரிக்கலாம், நன்றாகவே நிற்கும். அதற்கு அடியில் என்ன செய்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

முற்றம் யாரிடம் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். தேயிலை, இறப்பர்த் தோட்டத்து ஆட்களுக்கு முற்றம் என்பது புதிய சங்கதி. லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவும், முன்னால் இஸ்தோப்பும், அதற்கு வெளியே எல்லாருக்கும் பொதுவான வாசலும்தான் இருந்தன, இன்றும் ஏராளமான தோட்டங்களில் அதுதான் இருக்கிறது. தனி வீட்டுத் திட்டங்கள் வந்த பிறகு ஏழு பேர்ச் காணி என்ற கணக்கு வந்தது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகளும் அந்தக் கணக்கிலேயே பேசப்பட்டன. ஏழு பேர்ச் என்றால் 177 சதுர மீற்றர். 550 சதுர அடி வீடு அதில் 51ஐ எடுத்துக்கொள்ளும். கழிப்பறை, பாதை, மேல் வெட்டு, கீழ்க் கட்டு எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது சின்ன இடம். கரப்பந்துத் தளம் 18 மீற்றருக்கு 9 மீற்றர், கோட்டுக்குள்ளேயே 162 சதுர மீற்றர். அது நுழையாது. பட்மின்டன் 13.4 மீற்றருக்கு 6.1 மீற்றர், ஏறத்தாழ 82 சதுர மீற்றர். சுற்றிக் கால் வைக்க இடம் விட்டால் அதுவும் இடிக்கும்.

ஆனால் வரிசையாக வீடு கட்டியிருக்கிற இடங்களில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேர் வேலியை எடுத்துவிடச் சம்மதித்தால் கதை மாறிவிடும். ஒரே மட்டத்தில் இரண்டு முற்றம் சேர்ந்தால் முழு அளவு பட்மின்டன் தளம் தாராளமாக வரும். கம்பத்தில் 1.55 மீற்றரில் ஒரு கொக்கியும் 2.24 மீற்றரில் இன்னொரு கொக்கியும் வைத்துவிட்டால் அதே தளத்தில் பிள்ளைகள் பக்கத்துக்கு மூன்று பேராகக் கரப்பந்தும் ஆடலாம். எனக்குப் பிடித்த வேலை இதுதான். காசையும் இரண்டு வீட்டாரும் பங்கு போடுவார்கள், பராமரிப்பையும் பங்கு போடுவார்கள்.

லயத்து வாசலுக்கு வேறொரு யோசனை உண்டு. பன்னிரண்டு காம்பரா லயம் என்றால் வாசல் நூற்றிருபது அடி நீளம், அகலம் கொஞ்சம். கரப்பந்துக்கும் பட்மின்டனுக்கும் அது உதவாது. கிரிக்கெட் பிட்ச் 22 யார் நீளம், பத்தடி அகலம். அந்த வாசலுக்கு அளவெடுத்து வைத்த மாதிரிப் பொருந்தும். லயத்துக் காணி தோட்டக் கம்பனியின் குத்தகையில் இருப்பதால் தோட்ட நிர்வாகத்தின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் நான் அலவாங்கை ஊன்றமாட்டேன். அனுமதி கிடைத்தாலும் இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிற வயசான ஆட்களுக்குப் பந்து படாதபடி வலை கட்ட இடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

இனி மண். இங்கே மட்டமான முற்றம் என்பது பெரும்பாலும் மலையை வெட்டி, வெட்டிய மண்ணை முன்னால் தள்ளிக் கிடைத்த முற்றம்தான். பின்பாதி இறுகிய பழைய மண், முன்பாதி நேற்று கொட்டிய மண். இரண்டின் மேலும் ஒரே தளத்தைப் போட்டால் ஒரு மழைக்காலத்தில் முன்பாதி இறங்கும், சரியாக நடுவில் புல் மடிப்பு விழும். அலவாங்கால் குத்திக்கொண்டே போனால் எந்த இடத்தில் பழைய மண் முடிகிறது என்று கை சொல்லிவிடும். நிரப்பிய மண்ணை அரையடி அரையடியாக எடுத்துத் திரும்பப் போட்டு இறுக்க வேண்டும். நிரப்பு ஆழமாக இருந்தால் ஒரு மழைக்காலம் பொறுத்திருங்கள் என்று சொல்லி வந்துவிடுவேன்.

தளத்தைப் பெரிதாக்க இன்னும் கொஞ்சம் மலையை வெட்டலாமா என்று கேட்பவர்களும் உண்டு. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை இறங்கி ஊர்களை மூடியதையும், அதே நாட்களில் புளத்கொஹுபிட்டியவில் தோட்டத்து லயன் வீடுகள் மண்ணுக்குள் போனதையும் பார்த்த மாவட்டம் கேகாலை. அடுத்த ஆண்டு மே மாதம் இரத்தினபுரி வெள்ளத்துக்குள் கிடந்தது. செங்குத்தாக வெட்டிய மலைக்கு முட்டுச்சுவரும் இல்லை, மேலே தண்ணீரைத் திருப்பவும் வழியில்லை என்றால் அந்த வெட்டு ஒரு நாள் வீட்டுக்குள் வரும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மாவட்டங்களுக்கு மண்சரிவு அபாய வரைபடம் போட்டு வைத்திருக்கிறது. வெட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவரிடம் முதலில் அவர்களுடைய அறிக்கையை வாங்கி வாருங்கள் என்பேன். விளையாட்டுக்காக மலையைக் கரைக்கக் கூடாது. தளத்தைச் சின்னதாக்கினால் ஆட்டம் ஒன்றும் கெட்டுப்போகாது.

இரத்தினபுரிப் பக்கம் இன்னொரு சங்கதியும் உண்டு, வெளியூர் ஒப்பந்தக்காரர்களுக்கு இது தெரியாது. நிவித்திகலை, பெல்மதுளை, கஹவத்தைப் பக்கங்களில் வீட்டு முற்றத்துக்குக் கீழே பழைய மாணிக்கக் குழி இருக்கலாம். இல்லம் என்று சொல்கிற சரளைப் படுகையைத் தேடிச் செங்குத்தாக இறங்கி, பக்கவாட்டில் சுரங்கம் போட்டுத் தோண்டி, வேலை முடிந்ததும் மூடியிருப்பார்கள். குழியைத் திரும்ப மூட வேண்டும் என்பதற்காகவே அனுமதி கொடுக்கும்போது மாணிக்க அதிகாரசபை வைப்புப் பணம் வாங்குகிறது. அனுமதி இல்லாமல் தோண்டிய காலத்துக் குழிகளுக்கு ஏது கணக்கு? அப்படி மூடிய மண் ஆண்டுக்கணக்கில் மெதுவாக அமுங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே பக்கத்து வீட்டில் வயசானவர் யார் என்று விசாரித்துப் போய் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு கேட்பேன். எந்தக் கருவியும் காட்டாததை அவர்கள் கையை நீட்டிக் காட்டுவார்கள்.

மண் சரி என்று ஆன பிறகு வருவது கான், தண்ணீரை அழைத்துப் போகிற வாய்க்கால். என் அப்பா கான் வெட்டுக் கொந்தரப்பு எடுத்தவர். தேயிலை மலையில் குறுக்காக, சரிவோடு சண்டை போடாமல், நூற்றிருபது அடிக்கு ஓரடி இறக்கத்தில் கான் போகும். அதைவிடச் சாய்த்தால் தண்ணீர் வேகமெடுத்து மண்ணை அரித்துக்கொண்டு போகும். அதைவிடக் குறைத்தால் தேங்கி உடைக்கும். கானுக்குள் இடைக்கிடை குழியும் சின்னத் தடுப்புமாக விட்டு வெட்டுவார்கள். ஓடிவருகிற மண் குழியில் தங்கும், தெளிந்த தண்ணீர் தடுப்பைத் தாண்டி அடுத்த குழிக்குப் போகும். மழை விட்டதும் குழியில் தங்கிய மண்ணை அள்ளித் திரும்ப மலையிலேயே போடுவார்கள். நூற்றைம்பது ஆண்டாகச் செங்குத்து மலையில் தேயிலை நிற்கிறது என்றால் அதற்கு இந்தக் கான்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், அவற்றை வெட்டிய கைகளுக்கும்.

இந்தச் சாய்வைப் பிடிக்கத் தோட்டங்களில் ட்ரேசர் என்று ஒரு சாமான் வைத்திருப்பார்கள். ஒரு தடியில் தொங்குகிற சின்னக் குழாய். அதில் நகர்த்தக்கூடிய ஒரு எடைக்கட்டி. கட்டியை வேண்டிய சாய்வுக் குறியில் வைத்துக் குழாய் வழியே பார்த்தால், எதிரே அதே உயரத்தில் இன்னொருவர் பிடித்திருக்கும் பலகைக் குறி கண்ணில் விழ வேண்டும். விழுந்த இடத்தில் முளை அடிப்பார்கள். பொறியியல் மாணவர்கள் படிக்கிற நில அளவைப் பாடப்புத்தகங்களில் இந்த வகைக் கருவிக்கு 'சிலோன் காட் ட்ரேசர்' என்று பெயர். எங்கள் மலைப் பாதைகளுக்கும் கான்களுக்கும் சாய்வு பிடித்த கருவி அது, உலகத்து மாணவர்களின் புத்தகத்தில் ஊர்ப் பெயரோடு இருக்கிறது. எனக்கு அதில் பெருமை உண்டு. இப்போது லேசர் மட்டம் வைத்திருக்கிறேன். ஆனாலும் மேல் கானின் கோட்டை முதலில் ட்ரேசரில் பிடித்துவிட்டுத்தான் லேசரில் சரிபார்ப்பேன். ட்ரேசர் பிடித்தால் மலையோடு நடக்க வேண்டியிருக்கிறது. நடந்தால்தான் ஊற்று கசிகிற இடமும், எலிவளையும், பழைய கான் தூர்ந்து கிடக்கிற இடமும் காலில் தட்டுப்படும்.

தளத்துக்கு நான் வெட்டுகிற கான் இரண்டு வகை. முற்றத்துக்கு மேல்பக்கம் திறந்த கான், மலைத் தண்ணீர் தளத்துக்கு அடியில் நுழையாமல் தடுத்துச் சுற்றி அழைத்துப் போக. இதைக் குழியும் தடுப்புமாக, அப்பா வெட்டிய மாதிரியே வெட்டுவோம். தளத்துக்குக் கீழ்ப்பக்க ஓரத்தில் மூடிய கான், ஒன்றரை அடி ஆழத்தில் துணி விரித்து, மெட்டல் போட்டு, துளையிட்ட நாலங்குலக் குழாய் வைத்து மூடுவோம். தளத்தின் மேல் விழுகிற மழை புல்லின் துளைகள் வழியே இறங்கி, கல் படுகைக்குள் நடந்து, இந்தக் குழாய்க்கு வர வேண்டும். அதற்காக முற்றத்து மண்ணையே மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் சாய்த்துத்தான் இறுக்குவோம். எட்டு மீற்றர் அகலத்துக்கு எட்டு சென்ரிமீற்றர். ஆடுகிறவர் காலுக்கு அது தெரியாது. தண்ணீருக்குத் தெரியும்.

கல் படுகையில் நான் கொழும்பு வழக்கத்தை விட்டு விலகுகிறேன். சமநிலத்தில் வேலை செய்கிற பலர் ஏபிசி என்ற கலவைக் கல்லைக் கொட்டி, மேலே கல்தூள் பரப்பி, கொம்பெக்டரால் இறுக்கி, அதன்மேல் புல்லை விரிக்கிறார்கள். கையால் தடவினால் மேசை மாதிரி இருக்கும். ஆனால் ஏபிசியில் தூள் கலந்திருப்பதால் இறுகிய பிறகு தண்ணீர் லேசில் இறங்காது. எங்கள் மழைக்கு அது ஒத்துவராது. மண்ணின் மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி, அதன்மேல் நாலங்குலத்துக்கு முக்கால் அங்குல மெட்டல், அதற்கு மேல் இரண்டங்குலத்துக்குத் தூள் சலித்த சிப்ஸ். இதை மட்டமாக்குவது சிரமம், கொம்பெக்டரின் கீழே சிப்ஸ் ஓடும். நூலைக் கட்டி, மரச்சட்டத்தால் இழுத்து, மறுபடி இறுக்கி, மறுபடி இழுக்க வேண்டும். பொறுமையுள்ள ஆள் வேண்டும். எங்கள் குழுவில் அதைச் செய்கிற அக்கா ஒருவர் கொழுந்து எடுத்தவர். சட்டத்தை அவர் இழுத்தால் மறுபேச்சு இருக்காது.

120 சதுர மீற்றருக்கு ஆறங்குலப் படுகை என்றால் ஏறத்தாழ ஆறரைக் கியூப் கல். இருபத்தைந்து தொன்னுக்கு மேல். தோட்டத்து ரோட்டில் டிப்பர் எங்கே வரை ஏறும் என்பதுதான் அநேகமாக வேலையின் விலையைத் தீர்மானிக்கிறது. தெரணியகலைக்கு மேலேயும் எட்டியாந்தோட்டைக்கு மேலேயும் வீட்டுக்கு முக்கால் மைல் முன்பாகவே லொறி நின்றுவிடும் இடங்கள் உண்டு. அங்கிருந்து சின்ன ட்ராக்டர், அதற்குப் பிறகு தள்ளுவண்டி, கடைசியில் படிக்கட்டில் கூடை. விலை கேட்பவர்களிடம் இதை ஒளிக்காமல் எழுதிக் கொடுப்பேன். சுமக்கிற ஆளின் கூலியைக் குறைத்து வேலையை மலிவாக்குவது எனக்கு ஏற்காது.

எல்லை ஓரத்துக்குக் கொங்கிரீட் கட்டையும், கம்பத்துக்குக் குழாய் உறையும் கல் போடுவதற்கு முன்பே பதித்துவிட வேண்டும். கல் படுகையே போதும் என்பதற்குக் கிரிக்கெட் பிட்ச் மட்டும் விதிவிலக்கு. பந்து சீராக எழும்ப அதற்கு நாலங்குலக் கொங்கிரீட் தட்டு வேண்டும், அதன்மேல் குட்டைப் புல்லை ஒட்டுவோம். முன்பு பள்ளிக்கூடங்களில் தென்னந்தும்புப் பாயை ஆணியடித்து இழுத்துக் கட்டி ஆடிய இடத்தில் இப்போது இது வந்திருக்கிறது. கொங்கிரீட்டுக்குள் தண்ணீர் இறங்காது, ஆகவே அங்கே குறுக்குச் சாய்வை இன்னும் கவனமாகப் பிடிக்க வேண்டும்.

இப்போதுதான் புல். கடையில் அலங்காரத்துக்கு விற்கிற நீளமான, மிருதுவான புல் விளையாட்டுக்கு ஆகாது. ஓடித் திரும்பினால் கால் சிக்கும், ஒரு வருஷத்தில் படுத்துவிடும். வலை கட்டி ஆடும் விளையாட்டுகளுக்கு 12 முதல் 15 மில்லிமீற்றர் உயரத்தில் அடர்த்தியாக நெய்த புல் போதும், அதற்குள் மணல் நிரப்ப வேண்டும். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவேன். பின்பூச்சு லேடெக்ஸா பொலியூரத்தேனா என்று பார்ப்பேன். ஈரம் விலகாத முற்றத்தில் பொலியூரத்தேன் நீண்டகாலம் நிற்கும். வடிதுளைகள் நெருக்கமாகவும் அடைபடாமலும் இருக்கின்றனவா என்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்ப்பேன். கடைக்காரருக்கு அது பிடிக்காது. பரவாயில்லை.

சுருள்களைப் பிரித்து விரித்து, எல்லா இழைகளும் ஒரே பக்கம் சாய்கிற மாதிரி வைத்து, ஒரு நாளாவது வெயிலில் கிடக்கவிட வேண்டும். ஒரு சுருள் மாறிக் கிடந்தாலும் தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு நிறமாகத் தெரியும், பந்தும் அங்கே வேறு மாதிரி ஓடும். ஓரத் தையலை வெட்டி நீக்கி, இரண்டு விளிம்பும் முட்டாமலும் விலகாமலும் நெருங்க, கீழே நாடா வைத்துப் பசை தடவி ஒட்டுவோம். இந்தப் பசைக்குக் காய்ந்த அடிப்பக்கம் வேண்டும். ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரைதான் எங்களுக்குப் புல் விரிக்கும் காலம். அப்போதும் பின்னேரம் மேகம் கூடும் என்பதால் ஒட்டுவேலையைப் பனி விலகிய பிறகு தொடங்கி நடுப்பகலுக்குள் முடித்துவிடுவோம். இதில் ஒரு சங்கடம். அதே மாதங்களில்தான் இறப்பர் இலை உதிர்க்கிறது. 1876இல் ஹெனரத்கொடைக்கு வந்த செடி, கேகாலையின் மலைகளையே மூடி வளர்ந்து, நாம் பசை தடவுகிற நேரம் பார்த்து இலையைக் கொட்டுகிறது. ஒட்டுகிற இடத்துக்கு மேலே தார்ப்பாய் கட்டி, ஒருவர் விளக்குமாற்றோடு நிற்பார். ஓர் இலை பசைக்கும் நாடாவுக்கும் நடுவில் போனாலும் அந்த இடம் பிறகு வாய் திறக்கும்.

மணலைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. சதுர மீற்றருக்குச் சுமார் 20 கிலோ, எங்கள் தளத்துக்கு இரண்டரைத் தொன் அளவில் தேவை. ஆறு பக்கத்தில் ஓடுவதால் ஆற்று மணலைப் போடுங்கள், மலிவு என்பார்கள். ஆற்று மணலில் களி இருக்கும், மழையில் அது இறுகித் துளையை அடைக்கும். மாரவில, நாத்தாண்டியப் பக்கத்துச் சிலிக்கா மணலைக் கழுவிக் காயவைத்து எடுத்து வருகிறோம். மெல்லியதாகத் தூவி, தும்புத் தடியால் இழைக்கு எதிராகத் தேய்த்து, மறுபடி தூவி, இழைகள் நிமிர்ந்து நிற்கும்வரை. ஒரே தடவையில் கொட்டினால் இழை மணலுக்குள் புதைந்துவிடும், பிறகு அதை எழுப்பவே முடியாது.

மணலுக்குப் பதிலாக, அல்லது மணலோடு கலந்து, பழைய டயரை அரைத்த இறப்பர்த் துகளைப் போடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். விழுந்தால் அடிபடாது என்பது உண்மை. ஆனாலும் நான் போடுவதில்லை. எங்கள் முற்றத்துத் தண்ணீர் கானில் இறங்கி ஓடைக்குப் போகிறது. கீழ் லயத்தில் பீலித் தண்ணீர் பிடிக்கிறவர்கள் அந்த ஓடையில்தான் பிடிக்கிறார்கள். தெரணியகலைப் பக்கம் என்றால் அங்கிருந்து சீதாவக்கை கங்கை, களனிகங்கை, கடைசியில் அம்பத்தளையில் கொழும்பின் குடிநீர். மழைக்கு மழை துகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிப் போகும், அதைத் தடுக்க இந்தச் சரிவில் வழியில்லை. விளையாட்டுத் தளங்களுக்கு இத்தகைய துகள்களை விற்பதை 2031 முதல் நிறுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் போட்டுவிட்டது. வாளி வைத்து வரிசையில் நிற்கிற பீலி நம்முடையது என்றால் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. புல் இழையும் பிளாஸ்டிக்தானே என்று கேட்டால் ஆம் என்றுதான் சொல்வேன். ஆகவேதான் மூடிய கான் குழாயின் வாயில் சிறு தொட்டி வைத்து, அதில் சல்லடைத் துணி கட்டுகிறேன். உடைந்த இழையும் மணலும் அங்கே தங்கும். மாதம் ஒருமுறை அள்ளி எடுக்க வேண்டும்.

எல்லா முற்றத்துக்கும் இந்தப் புல் தேவை என்று நான் சொல்லமாட்டேன். வெயில் படுகிற, காற்றோட்டமான, தண்ணீர் வடிகிற இடத்தில் நல்ல செம்மண் தளமே போதும். வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் அப்படித்தான் எத்தனையோ தலைமுறை கரப்பந்து ஆடியிருக்கிறது. 1916இல் கொழும்பு வை.எம்.சி.ஏ. வழியாக இந்த நாட்டுக்கு வந்து, 1991இல் தேசிய விளையாட்டான ஆட்டம் அது. தோட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான ஆட்டம் கிடையாது. ஆனால் எங்கள் பக்கத்தில் செம்மண் தளம் வருஷத்தில் பாதி நாள் சேறு. களத்தில் அண்ணன்மார் ஆடி முடியும்போது இருட்டிவிடும், பெண் பிள்ளைகளுக்கு முறை வருவதே இல்லை. வீட்டு முற்றத்தில் மழை விட்டு அரை மணி நேரத்தில் காய்ந்துவிடுகிற ஒரு தளம் இருந்தால் பிள்ளை ட்யூஷனுக்குப் போகும் முன் இருபது நிமிஷமாவது ரக்கெட் பிடிக்கிறாள். அம்மா இஸ்தோப்பிலிருந்தே பார்த்துக்கொள்கிறாள். நான் இந்த வேலையை விடாமல் செய்வதற்கு இது ஒன்று போதும்.

பராமரிப்பை எழுதி வீட்டில் ஒட்டிவிட்டு வருவேன். இலையைத் தினமும் கூட்டுங்கள், ஊறவிடாதீர்கள். நிழல் விழுகிற மூலையில் பாசி பிடிக்கும், காய்ந்த நாளில் முரட்டுத் தும்புத்தடியால் தேயுங்கள். அழுத்தக் குழாயால் அடித்தால் மணல் பறந்துவிடும். நடுப்பகல் வெயிலில் வெறுங்காலோடு பிள்ளைகளை விடாதீர்கள், இந்தப் புல் மண்ணைவிட மிக அதிகமாகச் சூடேறும். அட்டை ஏறாமல் இருக்கத் தளத்தைச் சுற்றி இரண்டடிக்குக் கல் பரப்பி, புல் பூண்டு முளைக்காமல் வையுங்கள். உப்பு மட்டும் தூவாதீர்கள், கானில் இறங்கிக் கீழ்வீட்டுக் கீரைப்பாத்திக்குப் போகும். மேல் கானின் குழிகளைச் சித்திரைக்குள் தூர்வாருங்கள்.

இப்போது தெரணியகலைக்கு மேலே இரண்டு வீட்டார் சேர்ந்து போடுகிற ஒரு தளத்துக்கு முளை அடித்து வைத்திருக்கிறேன். அளவு சரி, மண் சரி, பணமும் பிரித்தாயிற்று. மூடிய கானின் வாயை எங்கே திறப்பது என்பதில்தான் வேலை நின்றிருந்தது. முற்றத்துக்கு நேர் கீழே ஒரு பழைய ஓடைத்தடம், வரைந்த கோட்டின்படி அதில்தான் விட வேண்டும். கீழ்வீட்டு அம்மாவிடம் சொல்லாமல் விடக் கூடாது என்று போனேன். குடையைப் பிடித்துக்கொண்டு என்னோடு வந்து காட்டினார்.

"இந்தத் தடத்துல விடாதீங்க தம்பி. ரெண்டாயிரத்துப் பதினாறுல தண்ணி இந்த வழியாத்தான் எங்க குசினிக்குள்ள வந்துச்சு. அந்தப் பலா மரத்துக்கு அங்கிட்டுப் பாறை இருக்கு, அதுமேல விட்டீங்கன்னா ஒண்ணும் ஆகாது."

பாறை வரை கொண்டுபோனால் குழாய் இன்னும் ஒன்பது மீற்றர் நீளும், ஒரு வளைவு கூடும், வளைவில் ஒரு தொட்டி வைக்க வேண்டும். இரண்டு வீட்டாரிடமும் புதுக் கணக்கைச் சொன்னேன். சரி என்றார்கள். ட்ரேசரை எடுத்துப் பலா மரத்திலிருந்து திரும்பக் கோடு பிடித்தோம்.